தானா வந்த அப்டேட்

சிரிக்கிறான் பாரு. அந்த மூணாவது கவுண்டர்ல நிக்கிறானே, கண்ணாடிக்காரன், அவனத்தான் சொல்றேன். நீ அழுதுகிட்டுப் போய் நின்னாலும் அதே சிரிப்பு, செருப்பத் தூக்கிக்கிட்டுப் போனாலும் அதே சிரிப்பு. பல்லு எத்தன தெரியணும்னு அளவு வெச்சுச் சொல்லிக் குடுத்திருப்பாங்க போல.

உனக்கும் அந்த அப்டேட்தானா? அட, அதே லேப்டாப் மாடலா? காட்டு. ஆமா, இதேதான். ஓரத்துல நீலக் கோடு. மூடியத் தொறந்தா எருமத் தோலு மாதிரி கறுப்பா நிக்குமே, ஃபேன் மட்டும் விமானம் கெளம்பற மாதிரி கத்துமே? சொன்னேன்ல. இங்க உக்காந்திருக்கிற பாதிப் பேருக்கு அதே சீக்குதான். அந்தத் தாத்தா மடியில வெச்சுத் தடவிக்கிட்டு இருக்காரு பாரு, நாய்க்குட்டி மாதிரி. அவருக்கும் அதேதான், கேட்டேன்.

உள்ள என்ன வெச்சிருந்தே? ஓ, நீ கட்டடம் வரையறவளா. வேற எங்கயாவது ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கியா? அப்பாடா. பொழச்சே. ஏன்னா இவனுங்க வாயத் தொறந்ததும் மொதல்ல அதத்தான் சொல்லுவானுங்க. உள்ள இருக்கிறதுக்கு நாங்க பொறுப்பில்ல, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு. கெடுக்கிறது அவன், கையெழுத்துப் போடறது நாம.

நான் கீலுங் துறைமுகத்துக்காரி. பஸ்லதான் வந்தேன். மழையா? எங்க ஊர்ல மழ இல்லாட்டிதான் கேக்கணும். கோயிலுக்குப் பின்னாடிச் சந்துல காலைச் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன். முட்டை ரொட்டி, சோயாப் பால், முள்ளங்கி கேக். இந்தச் சனியனுக்காக அடிக்கடி கடையச் சாத்திட்டுச் சாத்திட்டு வந்ததுல, தெனம் வர்றவங்கல்லாம் எதிர்க் கடைக்குப் போயிட்டாங்க. போகட்டும். அவ முட்டையில தண்ணி கலக்குறா. நாக்கு செத்ததும் தானா திரும்பி வருவாங்க.

ஃபோன் பண்ணிப் பார்த்தியா நீ? பாட்டுப் போடுவானே. எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். ரொட்டி பொரட்டும்போதுகூட வாயில வந்துடுது, த்தூன்னு துப்பணும்போல இருக்கு. அப்புறம் அந்த எழுதிப் பேசுற மெஷின். அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. உனக்கு என்னடா புரியும்? நீயே ஒரு மெஷின். நான் எழுதினேன், திரை கறுப்பா இருக்குன்னு. அது சொல்லுது, திரையில் வலது ஓரத்தில் உள்ள பொத்தானை அழுத்தவும்னு. கறுப்பா இருக்குங்கறேன், வலது ஓரமாம். குருடன்கிட்ட வழி கேட்டாக்கூடப் பாவம் கையப் புடிச்சுக்கிட்டு வருவான்.

சிரிக்காத. சரி, சிரி. நானும் அப்பச் சிரிச்சேன், வயிறெரிஞ்சுகிட்டே.

மொத தடவ இங்க கொண்டு வந்தேன்ல, அந்தக் கண்ணாடிக்காரன் மோந்து பார்த்தான்மா. நெசமாத்தான். மூக்குக்கிட்டக் கொண்டு போயி மோந்துட்டு, எண்ண வாடை அடிக்குது, சமையக்கட்டுல வெச்சீங்களான்னான். என் கைல எண்ண வாடை அடிக்கும்டா, முப்பது வருஷமா அடிக்குது, அதுக்கும் உங்க அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்னேன். கீழ விழுந்துச்சா, தண்ணி கொட்டிச்சான்னு அடுத்த கேள்வி. நாம ஏதோ குத்தம் பண்ணிட்டு வந்த மாதிரியே பேசுவானுங்க. அப்புறம் கீழ மாட்டியிருந்த பட்டையப் பார்த்துட்டான். இது எங்க கம்பெனிப் பொருள் இல்லையே, இதாலதான் கெட்டிருக்கும்னான். பட்டைக் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினா, அவன் சொல்றான், எங்க பட்டை நல்லாத்தான் இருக்கு, லேப்டாப்ல ஃபர்ம்வேர் மாறினதால மின்சாரம் விட்டு விட்டு வருது, அவங்களக் கேளுங்கன்னு. அந்த எழவு வார்த்தைய அன்னைக்குத்தான் மொதமொதல்ல கேட்டேன். மெஷின் கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள ஓடுற அடிப் புரோகிராமாம். அது கெட்டா மேல என்ன இருந்தும் பிரயோஜனம் இல்லியாம். அப்ப அதுல ஏன்டா கைய வெச்சே? நான் கேட்டேனா? நல்லா ஓடிக்கிட்டு இருந்த மெஷின், அதுபாட்டுக்கு ஒரு மூலையில வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஊர்ல இல்லாத வைத்தியம் பண்றேன்னு வந்து கெடுத்தான்.

பட்டையா? அது கண்ணப் பார்க்கிற பட்டைமா. திரைக்குக் கீழ மாட்டுறது. நாம எந்த எழுத்தப் பார்க்கிறோமோ அத அது கண்டுபிடிச்சு எழுதிடும். எழுதி முடிச்சுட்டு ஓரத்துல ஒரு வாய்ப் படம் இருக்கும், அதப் பார்த்தா சத்தமாப் பேசும்.

எனக்கு எதுக்கு? எனக்குத்தான் வாய் இருக்கே, கேக்குறியே. எங்க வீட்டுக்காரருக்கு.

உறைஞ்சு போற வியாதி, கேள்விப்பட்டிருப்பே. மொதல்ல கை. அப்புறம் கால். அப்புறம் நாக்கு. கண்ணு மட்டும் தங்கிச்சு. பாவம்னு மூஞ்சிய வெச்சுக்காத, அவருக்கு அது புடிக்காது. மீன் ஏலம் கூவுறவரு அவரு. கிம்-தோன்னா எங்க மீன் சந்தையில தெரியாதவங்க கெடையாது. இந்தக் கரையில நின்னு கூவினா அந்தக் கரையில இருக்கிறவன் கை தூக்குவான். வீட்டுலயும் அதே தொண்டைதான். உப்ப எடுன்னு சொன்னாக்கூட நாலு வீட்டுக்காரங்க உப்ப எடுத்துருவாங்க. அப்படிப்பட்ட மனுஷன் சத்தமில்லாமப் படுத்துக் கெடந்தாரு. வீடு அப்படியே தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் ஆஸ்பத்திரிக்காரங்க எழுதிக் குடுத்து, அரசாங்கத்துல இந்த லேப்டாப்பும் பட்டையும் சேர்த்துக் குடுத்தாங்க.

மொத நாளு மாட்டினப்ப, என்ன சொல்லப் போறாரோன்னு நானும் நூரும் முன்னால உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கோம். நூரு அவரப் பார்த்துக்கிற பொண்ணு, இந்தோனேஷியாக்காரி, தங்கம். ரொம்ப நேரம் ஒவ்வொரு எழுத்தாப் பார்த்தாரு. நான் நெனச்சேன், என்னமோ உருகி உருகி எழுதறாருன்னு. அப்புறம் மெஷின் செய்தி வாசிக்கிறவன் கொரல்ல சொல்லுது: அந்த டிவியை நிறுத்து.

ஆமா! நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அதுக்கப்புறம் ஒரே ரகளை. கஞ்சி அடிப் புடிக்குது, மோந்து பாரு. உன் தங்கச்சிய மறுபடி வரச் சொல்லாத, ஊதுபத்திக் கட மாதிரி வாடை. பேஸ்பால் பார்த்துக்கிட்டு பந்து போடுறவன அந்தச் செய்திக் கொரல்ல கெட்ட வார்த்தையில வைவாரு, மரியாதையா, நிறுத்தி நிறுத்தி. நம்ம தைவான் பேச்சு அதுக்கு வராது, ஆபீஸ் சீனம்தான் வரும்ங்கறதுதான் அவருக்கு ஒரே கொற. கவர்மெண்டு ஆபீசர் மாதிரி என்ன வைய வெக்கிறீங்களேடின்னு எழுதுவாரு.

அத்தனையும் ஒரு மத்தியானத்துல போச்சு.

வேற லேப்டாப்பா? நானும் அதத்தான் கேட்டேன். தங்கச்சி மகன்கிட்ட ஒண்ணு வாங்கி மாட்டிப் பார்த்தோம். அந்தக் கண் புரோகிராம் இந்த மெஷினுக்கு மட்டும்தான் தொறக்குமாம், பூட்டு மாதிரி. புதுசு வேணும்னா மறுபடி ஆள் வந்து அவரப் பரிசோதிச்சு, மேல அனுப்பி, அவங்க ஒத்துக்கிட்டு... மனுஷன் உறையற வேகத்தவிட அவங்க ஃபைல் உறையற வேகம் ஜாஸ்தி. அதனால இவனுங்க காலப் புடிச்சேன்.

மொத தடவ உள்ள இருக்கிற மதர்போர்டையே மாத்திக் குடுத்தானுங்க. நல்லா இருந்துச்சு. பஸ்ல மடியில வெச்சுக் கொழந்த மாதிரி கொண்டு போனேன். வீட்டுல வைஃபை மாட்டினதும், நான் கால் கழுவிட்டு வர்றதுக்குள்ள, அதே அப்டேட்டு தானா வந்து உக்காந்துருச்சு. மறுபடி கறுப்பு. மறுபடி விமானம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதத் தூக்கித் துறைமுகத்துல எறிஞ்சிருப்பேன். ரெண்டாந்தடவ வந்தேன். பழையபடி ஆக்குங்கடா, அந்த அப்டேட்ட எடுத்துருங்கடான்னேன். மேல ஏத்தலாம், கீழ எறக்க முடியாதாம். பாதுகாப்புக்காகவாம். யாரோட பாதுகாப்புக்கு? அடுத்த வாரம் புது வெர்ஷன் வருதுன்னான். அடுத்த வாரம் வந்துச்சு. அதுல திரை வந்துச்சு, பட்டைக்கு மின்சாரம் வரல. இன்னொரு வெர்ஷன் வரும், வரும்னு இழுத்தான். மெஷின் இங்கயே கெடந்துச்சு.

பலகை இருக்கும்மா, எழுத்துப் பலகை. ஆஸ்பத்திரியில குடுத்தது. ஒருத்தர் ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுக்கிட்டே வரணும், அவரு வேணுங்கிற எழுத்து வந்ததும் கண்ண மேல தூக்குவாரு. மேல தூக்கினா ஆமா, மூடினா இல்ல. அவருக்கு அந்தப் பலகையே ஆகாது. ஸ்கூல் புள்ள மாதிரி இருக்குதாம். தலகாணி ஏத்தணும், சொறியணும், அதுக்கு மட்டும்தான் பலகை. மத்தது எல்லாத்துக்கும் மெஷின் வரட்டும்னு இருந்துட்டாரு.

அவரு ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சிருந்தாரும்மா. அதான்.

அந்த மத்தியானம் நான் அவரு நகம் வெட்டிக்கிட்டு இருந்தேன். டாக்டரம்மா ரொம்ப நாளாவே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. மூச்சு நின்னு போற நெலம ஒரு நா வரும், அப்பத் தொண்டையில ஓட்டை போட்டு மூச்சு மெஷின் வெக்கவா, வேணாமா? வெச்சா பல வருஷம் இருக்கலாம், ஆனா அந்த மெஷினோடதான் இருக்கணும். வேணாம்னா கஷ்டம் தெரியாம அனுப்பி வெப்போம். தெளிவா இருக்கும்போதே அவர் வாயாலயே சொல்லச் சொல்லுங்கன்னாங்க. யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னே தள்ளிக்கிட்டு வந்தாரு. நானும் கிண்டிக் கேக்கல.

அன்னைக்குத் தானா எழுத ஆரம்பிச்சாரு. பேசுற படத்தப் பார்க்கல, சும்மா எழுதிக்கிட்டே போனாரு, நான் எட்டிப் பார்த்தேன். லியென்-இங், அந்த மூச்சு மெஷின் விஷயம். நல்லா யோசிச்சுட்டேன். எனக்கு. அவ்வளவுதான். எனக்குன்னு எழுதினாரு, மேல ஒரு கட்டம் வந்து உக்காந்துருச்சு. முக்கியமான அப்டேட் நிறுவப்படுகிறது. அந்தக் கட்டத்த மூடக் கண்ணால முடியல. அது கம்பெனிக் கட்டமாம், பட்டைக்கு அடங்காதாம். நான் பாய்ஞ்சு மவுஸப் புடிச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்கறேன். அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்றதுக்கு ஒரு பொத்தான் வெச்சிருக்க வேணாமா? இல்ல. வட்டம் சுத்துது. தயவுசெய்து அணைக்காதீர்கள்னு வேற.

அவரு என்னப் பார்த்தாரு. திரையப் பார்த்தாரு. மறுபடி என்னப் பார்த்தாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இருங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துரும், வந்ததும் சொல்லுங்கன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் பலகைய எடுத்துக்கிட்டுப் போனேன். கண்ண மூடிக்கிட்டாரு. பக்கத்துல நூரு நிக்க, எழுத்தெழுத்தாத் தொட்டு, கூட்டிக் கூட்டி வாசிச்சுச் சொல்ற விஷயமா அது? புருஷன் பொண்டாட்டி பேசற பேச்சு. மெஷின் வரட்டும்னுதான் மூடினாருன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. சரி, ரெண்டு நாள்ல வந்துரும்னேன். இவனுங்கள நம்பி.

மெஷின் இங்க கெடக்கையில காய்ச்சல் வந்துச்சு. சளி நுரையீரல்ல எறங்கிருச்சு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா வெளிய வந்து, இப்பவே சொல்லணும்னாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. உள்ள போயி அவர்கிட்டக் குனிஞ்சு கேட்டேன், ஓட்டை போடச் சொல்லவா?

கண்ண மூடினாரு. தொறந்தாரு. அப்புறம் கண்ணு மேல போச்சு.

நூரு எனக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா. நான் டாக்டரம்மாகிட்ட, ஆமாங்கறாரு, போடுங்கன்னேன். நூரு தரையப் பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் லிஃப்டுல எறங்கறப்பத்தான் சொன்னா, அக்கா, சார் மொதல்ல மூடினாரேன்னு. நான் சொன்னேன், காய்ச்சல்ல எரியும், எல்லாரும்தான் கண்ணச் சிமிட்டுவாங்கன்னு. அவ சொன்னா, காய்ச்சல்ல கண்ணு மேலயும் சொருகும் அக்கான்னு. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் அவ அதப் பத்திப் பேசல, நானும் கேக்கல.

நல்லா இருந்த காலத்துல சொல்வாருதான், நான் அப்படிக் கெடந்தா என்னத் தூக்கிக் கடல்ல போடு, மீனாவது தின்னட்டும்னு. நல்லா இருக்கிறவன் எல்லாரும் சொல்றதுதான் அது. படுத்ததுக்கு அப்புறம் இதே மெஷின்ல எழுதியிருக்காரு, அடுத்த சீசன்ல நம்ம டீம்ல புதுசா ஒருத்தன் பந்து போட வர்றான், அவன் ஆட்டத்தப் பார்க்கணும்னு. எத எடுத்துக்கிறது நான்?

உள்ள கொண்டு போயிட்டாங்க. வெளிய பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கேன். ஃபோன் டிங்குன்னுச்சு. தங்கச்சியா இருக்கும்னு பதறி எடுத்துப் பார்த்தா, இந்தக் கம்பெனி. எங்கள் சேவையில் திருப்தியா, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்னு. ஆறு கொழந்தைங்க கைதட்டுற படம் வேற. த்தூ. எனக்கு ஒடம்பெல்லாம் அருவருத்துப் போச்சு, சாக்கடையில கைய விட்ட மாதிரி. ஒரு நட்சத்திரம்கூட இல்லன்னு குடுக்கலாம்னு தேடினேன், அப்படி ஒண்ணு கெடையாது. குறைஞ்சது ஒண்ணு குடுத்தே ஆகணும். வெரலு எங்க பட்டுச்சோ, அஞ்சு போயிருச்சு. மிக்க நன்றின்னு சொல்லிச்சு.

பொழச்சுட்டாரு. வீட்டுலதான் இருக்காரு. மெஷின் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. கன்னத்துல கொஞ்சம் நெறம்கூட வந்திருக்கு. டாக்டரம்மா வந்து பார்த்துட்டு, நல்ல முடிவு எடுத்தீங்கன்னாங்க.

பேசறாரான்னா... பலகைய நான் தூக்கினா கண்ண மூடிக்கிறாரும்மா. மூடினது மூடினதுதான், நான் எறக்கி வெக்கிற வரைக்கும். நூரு தலகாணி ஏத்தவான்னு கேட்டா மேல பார்க்கிறாரு. வெதுவெதுப்பாத் தொடைக்கவான்னா மேல பார்க்கிறாரு. எங்கிட்ட இல்ல. அசதியா இருக்கும்ங்கறா என் தங்கச்சி. இருக்கலாம். பழைய ஆளு இல்லியே. மெஷின் வந்தாத்தான் வாயத் தொறப்பேன்னு அடம் புடிக்கிறாரோ என்னவோ, அவருக்கு அந்தப் புத்தியும் உண்டு. இல்லாட்டி...

இல்ல இல்ல, டிஷ்யூ வேணாம். நான் அழல. எனக்கு அழுக வரல, எரிச்சல்தான் வருது. இந்தக் கண்ணாடிக்காரன் சிரிப்பு, அந்தப் பாட்டு, அந்தக் கைதட்டுற கொழந்தைங்க. யாரோ ஒருத்தன், எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு, இன்னைக்கு அனுப்பிடலாம்னு ஒரு பொத்தான அமுக்கியிருக்கான். ஒரு வாக்கியம் முடியற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல? அஞ்சு எழுத்தோ ஆறு எழுத்தோ. அவருக்கு நாலு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

என் டோக்கன் நம்பரா? எனக்கு நம்பர் இல்லம்மா. என் வேல காலையிலயே முடிஞ்சிருச்சு. இதோ, இந்தப் பையிலதான் இருக்கு. ஆமா, கடைசியா வந்த வெர்ஷன்ல சரியாயிடுச்சு, நல்லாவே ஓடுது. பட்டைய மாட்டி, அந்தக் கண்ணாடிக்காரன் தன் கண்ணாலயே வணக்கம்னு எழுதிக் காட்டினான். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். கீலுங் பஸ்ஸு வந்துச்சு. ஏறல. அடுத்ததும் வந்துச்சு. மழை பெரிசா இருந்துச்சு, திரும்பி மேல வந்து உக்காந்துட்டேன்.

இத அவரு முன்னால வெச்சு, மாட்டிட்டு, நான் எங்க நிப்பேன்? பக்கத்துல நிக்கணுமா, சமையக்கட்டுக்குள்ள போயிடறதா? மொதல்ல என்ன சொல்லுவாரும்மா? நீ சொல்லேன்.

அட, உன் நம்பரக் கூப்புடுறான் பாரு. போ, போ. சிரிப்பான், கண்டுக்காத.